பச்சை விளக்கை நம்பலாமா? வி.பி.என். இணைப்பின் நாடி பார்ப்போம்

என் மனைவி திருநெல்வேலியில் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கணக்கு பார்க்கிறார். நாங்கள் குடியிருப்பது மதுரையில். தினமும் பஸ் ஏறி இறங்க முடியாது என்பதால், வீட்டுக் கம்ப்யூட்டரில் அமர்ந்தபடியே அலுவலக சர்வரில் உள்ள கணக்கு பைல்களைத் திறந்து வேலை செய்கிறார். இதற்குக் கைகொடுப்பது வி.பி.என். எனப்படும் இணைப்பு. இதை அமைத்துக் கொடுத்தவன் நான். ஆகவே இதில் எந்தக் கோளாறு வந்தாலும் பதில் சொல்ல வேண்டியவனும் நானே.

சில மாதங்களுக்கு முன் ஒரு 20ஆம் தேதி மாலை. மாதந்தோறும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவம் தாக்கல் செய்பவர்களுக்கு அதுதான் கடைசி நாள். ஏழு கடைகளின் கணக்கு பாக்கி இருந்தது. தேதி தவறினால் வரி கட்ட வேண்டிய ஒவ்வொரு கடைக்கும் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அதோடு கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பணம் சிறிது என்றாலும் "ஆடிட்டர் ஆபீஸில் கோட்டை விட்டுவிட்டார்கள்" என்ற பேச்சு பெரிது.

"என்னங்க, பைல் திறக்கவே மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு."

"வி.பி.என். பச்சையாத்தானே இருக்கு?"

"பச்சையா இருந்து என்ன? பைல் வரணுமே!"

நியாயமான கேள்வி. ஆனால் நான் அதைக் காதில் வாங்கவில்லை. ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தேன். இன்டர்நெட் நிறுவனத்துக்குப் போன் செய்து சண்டை போட்டேன். "உங்கள் லைன் நன்றாக இருக்கிறது சார்" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை என்பது பிறகுதான் தெரிந்தது. இப்படி ஒரு மணி நேரம் வீணானது. அன்று நான் முதலில் செய்திருக்க வேண்டிய சோதனைகளைத்தான் இங்கே வரிசையாகத் தருகிறேன்.

கவருக்குள் கவர்

வி.பி.என். எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நீங்கள் அலுவலக சர்வருக்கு அனுப்பும் தகவலை ஒரு கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு கவரில் போட்டு அலுவலகத்தின் உள் முகவரியை எழுதுகிறீர்கள். வி.பி.என். சாப்ட்வேர் அந்தக் கவரை யாரும் படிக்க முடியாதபடி பூட்டி, இன்னொரு பெரிய கவருக்குள் வைத்து, அதன் மேல் அலுவலக ரவுட்டரின் வெளி முகவரியை எழுதி அனுப்புகிறது. வழியில் பார்ப்பவர்களுக்கு வெளிக் கவர் மட்டுமே தெரியும். மறுமுனையில் அதைப் பிரித்து உள் கவரை எடுத்து உரியவரிடம் சேர்க்கிறார்கள்.

இந்த வேலைக்கு இன்று பரவலாகப் பயன்படும் இலவச சாப்ட்வேர்கள் இரண்டு. ஒன்று 2001இல் முதலில் வெளியான ஓப்பன்வி.பி.என். மற்றது வயர்கார்டு; இது 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் கெர்னல் 5.6இலேயே சேர்க்கப்பட்டது. விண்டோஸுக்கும் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது வயர்கார்டு.

இனி முக்கியமான செய்தி. வயர்கார்டின் விண்டோஸ் பதிப்பில் "ஆக்டிவ்" என்று பச்சை நிறத்தில் தெரிகிறதே, அதற்கு என்ன அர்த்தம்? "உங்கள் கம்ப்யூட்டரில் கவர் போடும் ஆள் வேலைக்கு வந்துவிட்டார்" என்பது மட்டுமே. மறுமுனையில் யாராவது கவரை வாங்கினார்களா என்பதற்கு அது சாட்சி அல்ல. அலுவலகத்தில் கரண்ட் போய் சர்வர் அணைந்திருந்தாலும் இங்கே பச்சை பச்சையாகவே இருக்கும்.

முதல் சோதனை: கை குலுக்கியது எப்போது?

வயர்கார்டு விண்டோவில் பச்சை விளக்குக்குக் கீழே பாருங்கள். "லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்" என்று ஒரு வரி இருக்கும். இரு முனைகளும் கடைசியாக எப்போது கை குலுக்கிக் கொண்டன என்பதை இது காட்டும். தகவல் போய்வந்துகொண்டிருக்கும்போது ஏறக்குறைய 2 நிமிடங்களுக்கு ஒருமுறை புதிதாகக் கை குலுக்கிச் சாவியை மாற்றிக்கொள்வது வயர்கார்டின் வழக்கம். 3 நிமிடங்களுக்கு மேல் பழைய சாவி செல்லாது. ஆகவே நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இந்த வரி "10 நிமிடங்களுக்கு முன்" என்று காட்டினால் இணைப்பு செத்துவிட்டது என்று பொருள். நீங்கள் எதுவும் செய்யாமல் சும்மா விட்டிருந்தால் பழைய நேரம் தெரிவது இயல்பே. அப்போது பயப்பட வேண்டாம்.

அதற்கு அருகில் "டிரான்ஸ்பர்" என்ற வரியில் வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். போனது மட்டும் ஏறிக்கொண்டே இருந்து, வந்தது பூஜ்யமாகவே நின்றால், உங்கள் கதவுத் தட்டலுக்கு யாரும் பதில் தரவில்லை. சர்வர் அணைந்திருக்கலாம், சாவி தவறாக இருக்கலாம், அல்லது வழியில் அந்த போர்ட் அடைக்கப்பட்டிருக்கலாம்.

அன்று எங்கள் வீட்டில் இரண்டுமே சரியாக இருந்தன. ஹேண்ட்ஷேக் ஒரு நிமிடத்துக்கு முன் நடந்திருந்தது.

இரண்டாவது சோதனை: மூன்று விண்டோ பிங்

பிங் என்ற சிறிய புரோகிராமை 1983 டிசம்பரில் எழுதியவர் மைக் மூஸ் என்ற அமெரிக்கர். "இருக்கிறாயா?" என்று கேட்டு, "இருக்கிறேன்" என்ற பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று சொல்லும். விண்டோஸில் இது ஏற்கெனவே இருக்கிறது.

விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்துங்கள். வரும் கட்டத்தில் ஆங்கிலத்தில் சி.எம்.டி. என மூன்று எழுத்துகளை டைப் செய்து எண்டர் தட்டினால் கமாண்ட் விண்டோ கிடைக்கும். இதுபோல மூன்று விண்டோக்களைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் பிங், ஸ்பேஸ், ஹைபன் டி, ஸ்பேஸ், பிறகு முகவரி என்று டைப் செய்யுங்கள். ஹைபன் டி சேர்த்தால் நீங்கள் கண்ட்ரோலுடன் சி அழுத்தும்வரை பிங் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று முகவரிகள் இவை:

1. உங்கள் வீட்டு ரவுட்டர் (பல வீடுகளில் 192.168.1.1).

2. அலுவலக ரவுட்டரின் வெளி முகவரி. இது டன்னலுக்கு வெளியே செல்லும். சில ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும். இணைப்பு நன்றாக உள்ள நாளிலேயே இதைச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. அலுவலக சர்வரின் உள் முகவரி. இது டன்னலுக்கு உள்ளே செல்லும். எங்களுக்கு 192.168.50.10.

முதல் விண்டோவிலேயே தடுமாறினால் கோளாறு உங்கள் வீட்டு வை-பையில். முதலாவது சரியாக இருந்து இரண்டாவது தடுமாறினால் இன்டர்நெட் லைனில். முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது மட்டும் "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்றால் கோளாறு டன்னலில் அல்லது சர்வரில். யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதை இந்த மூன்று விண்டோக்கள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். நானும் இதை முதலில் செய்திருந்தால் அந்த வாடிக்கையாளர் சேவைப் பெண்ணிடம் சண்டை போட்டிருக்க மாட்டேன்.

எண்களை எப்படிப் படிப்பது? மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது தாமதம். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும். அதாவது போய்வர 100 கி.மீ. தூரத்துக்கு 1 மில்லி செகண்ட். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்க்கோட்டில் சுமார் 2,900 கி.மீ. என்பதால் அங்குள்ள வி.பி.என். சர்வருக்கு 29 மில்லி செகண்டுக்குக் கீழே பிங் வரவே வராது. எந்த நிறுவனம் என்ன விளம்பரம் செய்தாலும் இதை மாற்ற முடியாது.

இரண்டாவது இழப்பு. நூறு பிங்கில் எத்தனை தொலைந்தன என்று கடைசியில் கணக்கு வரும். ஒன்றிரண்டு தொலைந்தாலே ரிமோட் டெஸ்க்டாப் போன்றவை இழுக்க ஆரம்பிக்கும்.

மூன்றாவது ஏற்ற இறக்கம். எப்போதும் 40 மில்லி செகண்ட் என்றால் பழகிவிடும். ஒருமுறை 20, அடுத்த முறை 300 என்றால் போன் பேச்சு துண்டு துண்டாக வெட்டும். நேரத்துக்கு வரும் டவுன் பஸ்ஸுக்கும், ஒரு மணி நேரம் வராமல் மூன்றாகச் சேர்ந்து வரும் பஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

அன்று மூன்று விண்டோக்களிலும் பிங் அருமையாக ஓடியது. சர்வருக்கு 24 மில்லி செகண்ட். ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனாலும் பைல் மட்டும் வரவில்லை! அப்போது மணி எட்டேகால்.

குறுக்கு வழி வேண்டாம்

இந்த நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் வழி சொன்னார். "ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிடுகிறேன். வி.பி.என். இல்லாமல் நேராக ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்துவிடுங்கள். ஒரு ராத்திரிதானே?"

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்டர்நெட்டில் திறந்திருக்கும் 3389 போர்ட்டைத் தேடி அலையும் தானியங்கிப் புரோகிராம்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் உள்ளே நுழையும் முக்கியமான வாசல்களில் இதுவும் ஒன்று. ஏழு கடைகளின் தாமதக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய் அத்தனை பேரின் கணக்கையும் தெருவில் வைக்க முடியாது. வாசகர்களும் இதை மனத்தில் வையுங்கள். வி.பி.என். படுத்துவிட்டால் அதைச் சரிசெய்ய வேண்டுமே தவிர, கதவைக் கழற்றிவிடக் கூடாது.

மூன்றாவது சோதனை: பெரிய கவர் போகிறதா?

விண்டோஸ் பிங் அனுப்பும் தகவல் வெறும் 32 பைட். ஹேண்ட்ஷேக் பாக்கெட்டும் சிறியதே. ஆனால் கணக்கு பைல் வரும்போது ஒவ்வொரு பாக்கெட்டும் முழு அளவில் வரும். சிறியது போய், பெரியது போகாவிட்டால்? விளக்கு பச்சையாக இருக்கும், பிங் ஓடும், லாகின் கூட ஆகும். பெரிய பைலைத் தொட்டவுடன் உறைந்து நிற்கும். எங்கள் வீட்டில் நடந்தது அச்சாக இதுவே.

ஒரு லைனில் ஒரே தடவையில் செல்லக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவை எம்.டி.யு. என்பார்கள். தபால் பெட்டியின் வாய் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஈதர்நெட்டில் இது 1,500 பைட். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.ஈ. முறை லைன்களில் 8 பைட் குறைந்து 1,492. வயர்கார்டின் வெளிக் கவர் ஐ.பி.வி.4இல் 60 பைட்டும் ஐ.பி.வி.6இல் 80 பைட்டும் எடுத்துக்கொள்ளும். எனவே உள் கவர் அந்த அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க பிங் கமாண்டில் இரண்டு குறிகளைச் சேர்க்க வேண்டும். ஹைபன் எப் என்றால் "வழியில் துண்டாக்காதே". ஹைபன் எல் என்று கொடுத்து ஓர் எண் கொடுத்தால் "இத்தனை பைட் அனுப்பு". பிங் தன் பங்குக்கு 28 பைட் தலைப்பு சேர்க்கும் என்பதை மறக்க வேண்டாம். அதாவது 1,412 கொடுத்தால் பாக்கெட் 1,440.

சர்வரின் உள் முகவரிக்கு 1,412 கொடுத்தேன். "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்". 1,392 கொடுத்தேன். உடனே பதில் வந்தது! குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

அந்தக் குற்றவாளி நான்தான். பல மாதங்களுக்கு முன், வேகம் சிறிது கூடும் என்று நினைத்து வயர்கார்டில் எம்.டி.யு. 1,440 என்று நானே எழுதி வைத்திருந்தேன். பழைய லைனில் அது சரி. 1,440 உடன் 60 சேர்ந்தால் 1,500. இரண்டு நாட்களுக்கு முன் வேறு பைபர் இணைப்புக்கு மாறினோம். அது பி.பி.பி.ஓ.ஈ. முறை. வாய் 1,492தான். 1,500 பைட் கவரை ரவுட்டர் இரண்டாக வெட்ட வேண்டும்; அப்படி வெட்டிய துண்டுகளை வழியில் உள்ள எல்லாக் கருவிகளும் ஏற்பதில்லை. பெரிய கவர்கள் எல்லாம் சத்தமில்லாமல் குப்பைக்குப் போயின.

சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். வயர்கார்டு விண்டோவில் "எடிட்" கிளிக் செய்யுங்கள். இன்டர்பேஸ் என்ற பகுதியில் எம்.டி.யு. வரி இருந்தால் அதை 1,420 ஆக்கி சேவ் செய்யுங்கள் (டைப் செய்யும்போது நடுவில் கமா வேண்டாம்). அந்த வரியையே நீக்கிவிட்டாலும் சாப்ட்வேர் தானாகவே ஒரு பொருத்தமான அளவை எடுத்துக்கொள்ளும். நான் 1,420 கொடுத்தேன். பைல் திறந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு வேலையைத் தொடங்கினார். ஏழாவது கடையின் படிவம் போனபோது இரவு மணி 11.20.

இன்னும் நான்கு இடங்கள்

எங்கள் கோளாறு இதுவானாலும் உங்களுடையது வேறாக இருக்கலாம். வீடுகளில் அடிக்கடி வரும் வேறு நான்கைச் சொல்லிவிடுகிறேன்.

சும்மா இருந்தால் அறுந்துபோகிறதா? உங்கள் ரவுட்டர் "இந்தப் பதில் இந்தக் கம்ப்யூட்டருக்கு" என்று ஒரு குறிப்பு வைத்திருக்கும். கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லாவிட்டால் அதை அழித்துவிடும். வயர்கார்டில் பியர் பகுதியில் "பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்" என்ற வரியில் 25 கொடுத்தால் 25 செகண்டுக்கு ஒருமுறை ஒரு சிறு பாக்கெட் அனுப்பிக் குறிப்பை உயிரோடு வைத்திருக்கும்.

இரு பக்கமும் ஒரே எண் வரிசையா? வீட்டிலும் 192.168.1, அலுவலகத்திலும் 192.168.1 என்று முகவரிகள் தொடங்கினால், சர்வரைத் தேடும் கம்ப்யூட்டர் வீட்டுக்குள்ளேயே தேடிவிட்டு இல்லை என்று சொல்லிவிடும். ஒரு பக்கத்தை மாற்றுவதே வழி. எங்கள் அலுவலகத்துக்கு 50 என்ற எண் வைத்தது இதற்காகத்தான்.

எண்ணுக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லையா? சர்வரின் எண்ணை அடித்தால் திறந்து, பெயரை அடித்தால் திறக்காவிட்டால் டன்னல் நலம், டி.என்.எஸ். அமைப்புதான் தவறு. கமாண்ட் விண்டோவில் என்.எஸ்.லுக்அப் கொடுத்து, எந்த டி.என்.எஸ். சர்வர் பதில் சொல்கிறது என்று பாருங்கள். பொது வை-பையில் பாதுகாப்புக்காக வி.பி.என். சேவை வாங்கியவர்களுக்கும் இந்தச் சோதனை தேவை. டன்னல் போட்ட பிறகும் உங்கள் இன்டர்நெட் நிறுவனத்தின் டி.என்.எஸ்.ஸே பதில் சொன்னால், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது வெளியே கசிகிறது.

கடிகாரம் சரியா? பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னால் போய்விடும். வயர்கார்டு ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் நேரத்தைக் குறிக்கிறது; முன்பு வந்ததைவிடப் பழைய நேரம் வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார் என்று சர்வர் தள்ளிவிடும். சான்றிதழ் முறையில் இயங்கும் ஓப்பன்வி.பி.என்.னிலும் தேதி தவறானால் சான்றிதழ் செல்லாது. கடைசியில் பார்த்தால் வில்லன் ஒரு பொத்தான் பேட்டரி.

தினமும் கண்காணிக்க

கருப்பு விண்டோக்கள் பிடிக்காதவர்கள் நிர்சாப்ட் தளத்தில் கிடைக்கும் பிங்இன்போவியூ என்ற இலவசப் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. மேலே சொன்ன மூன்று முகவரிகளையும் கொடுத்துவிட்டால், ஒவ்வொன்றும் எத்தனை முறை வெற்றி, எத்தனை முறை தோல்வி, சராசரி நேரம் என்ன, கடைசியாகத் தவறியது எப்போது என்று ஒரே பட்டியலில் காட்டும். காலையில் ஓடவிட்டு மாலையில் பார்த்தால் நோய் எந்த நேரத்தில் வருகிறது என்பது தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் எம்.டி.யு., டி.என்.எஸ். போன்றவற்றை நீங்களாக மாற்ற வேண்டாம். சோதனைகளை மட்டும் செய்து, எண்களை எழுதி, அங்குள்ள நெட்வொர்க் பொறுப்பாளரிடம் கொடுங்கள். "வேலை செய்யவில்லை" என்று சொல்வதைவிட "1,392 போகிறது, 1,412 போகவில்லை" என்று சொன்னால் அவர் பாதி வேலையை முடித்த மாதிரி.

கடைசியாக ஒன்று. டாக்டர் நாடி பார்க்கும்போது அவருக்கு ஆரோக்கியமானவரின் நாடி எப்படி இருக்கும் என்பது தெரிந்திருக்கிறது. நமக்கும் அது தெரிய வேண்டும். ஆகவே வி.பி.என். நன்றாக ஓடும் ஒரு நாளில் மூன்று பிங் நேரங்களையும், போகக்கூடிய பெரிய பாக்கெட்டின் அளவையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இன்டர்நெட் லைனையோ ரவுட்டரையோ மாற்றினால் அன்றே மறுபடி அளந்து எழுதுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் மானிட்டருக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 17ஆம் தேதி அதை வைத்து ஒரு முறை சரிபார்க்கிறேன். கோளாறு இருந்தால் சரிசெய்ய மூன்று நாள் கையில் இருக்கும். தேதியைக் குறித்துக் கொடுத்தவர் மனைவி.